பழைய கியூவில் பள்ளம்: உப்புத்தாளா, நீராவியா? அரக்கா, எண்ணெயா?

போன ஜூலையில் மாமா தன் பழைய கியூவை, ஸ்னூக்கரில் பந்தை அடிக்கும் கோலை, என்னிடம் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள வீட்டில் அலமாரி மேல் இருபது வருஷம் கிடந்தது. சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்க வைத்ததால்தான் இன்னும் வளையாமல் இருக்கிறது. ஆஷ் மரத் தண்டு, கருங்காலிப் பிடி. ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக உருட்டிப் பார்த்தால் டிப்பிலிருந்து (பந்தைத் தொடும் தோல் நுனி) ஒரு சாண் தள்ளி ஒரு பள்ளம், அரிசி மணி அளவுதான், ஆனால் தண்டு இடது கை விரல்களுக்கு நடுவே ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தட்டுகிறது. பிடியில் பழைய பாலிஷ் பாதி உரிந்து, மீதி கையில் பிசுபிசுக்கிறது.

பள்ளத்துக்கு முதலில் எல்லாரும் கை நீட்டுவது உப்புத்தாளுக்கு. நான் அதை அடியோடு ஒதுக்குகிறேன். டிப் பக்கம் 9 மில்லிமீட்டர் உள்ள தண்டில் கால் மில்லிமீட்டர் பள்ளத்தைச் சுற்றிலும் தேய்த்துச் சமமாக்கினால் விட்டத்தில் அரை மில்லிமீட்டர் போய்விடும், போன மரம் போனதுதான். என்னுடைய முந்தைய கியூவை டர்பனில் ஒரு கடையில் கொடுத்தேன், அப்படித்தான் தேய்த்துக் கொடுத்தார்கள். பள்ளம் இல்லை, ஆனால் அந்த இடத்தில் தண்டுக்கு இடுப்பு விழுந்துவிட்டது, வேகமாக அடித்தால் துள்ளுகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஈரமும் சூடும் வேறு விதமாக வேலை செய்கின்றன. அடிபட்ட இடத்தில் மரம் காணாமல் போகவில்லை, அதன் நார் நசுங்கி அமுங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே இறங்கிச் சூடானால் அது உப்பி மேலே வரும். நான் செய்தது இது: அந்த இடத்தில் இருந்த பாலிஷை மட்டும் முதலில் எடுத்தேன், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. பருத்தித் துணியின் ஓரத்தை நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் ஐந்து நொடி தொட்டு எடுத்தேன். உஸ்ஸென்று ஆவி வந்தது. மூன்றாவது தடவைக்கு நகத்தால் வருடினால் விளிம்பு தெரியவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். டிப்புக்குக் கீழே இருக்கும் பித்தளை வளையத்துக்குப் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், சூடு ஏறினால் பசை விட்டுவிடும். தண்டின் நீளம் முழுக்க நீராவியைக் காட்டினால் அது வளையவும் கூடும்.

ஈரமே வேண்டாம், கண்ணாடிக் கம்பியால் அழுத்தித் தேய்த்தாலே பள்ளம் போய்விடும் என்பவர்களும் உண்டு. அந்தக் கம்பியை ஈரத்துக்குப் போட்டியாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆழமான பள்ளத்தை அது தூக்காது. ஈரத்தால் சிலிர்த்து நிற்கும் நாரை அழுத்தி வழுவழுப்பாக்க அதைவிட நல்லது இல்லை. அதற்கு முன்னால், பள்ளத்தை எடுக்க அல்ல, சிலிர்த்த நாரை மட்டும் எடுக்க, 1000, 1500 எண் மிக நைசான உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல் போதும்.

சரி, பாலிஷ். பழையது என்ன என்று தெரிய, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு. அசையாமல் இருந்தால் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற செயற்கை வார்னிஷ்.

பாலியூரித்தேன் கெட்டியானது, வியர்வை, பீர் எதுவும் ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு இடத்தில் கீறினால் அங்கே மட்டும் பூச முடிவதில்லை, புதுப் பூச்சு பழையதோடு கரைந்து சேராது, ஓரம் தெரியும். பழைய கியூவுக்கு அது ஒரு பிளாஸ்டிக் பளபளப்பையும் தருகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. அரக்கு அப்படி இல்லை. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் மெல்லிசாகப் பத்துப் பன்னிரண்டு தடவை ஏற்றினால் ஒவ்வொரு பூச்சும் முந்தையதோடு கரைந்து ஒன்றாகிறது, கருங்காலி ஆழமாகக் கறுத்து மின்னுகிறது. ஸ்பிரிட் பட்டால் கரையும் என்பது அதன் குறை. ஈரக்காற்றில் பூசினால் பால் போல வெளுக்கும், அதனால் டர்பனில் பிப்ரவரிப் புழுக்கத்தில் இந்த வேலை வேண்டாம், காற்று உலர்ந்திருக்கும் ஜூன், ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டுக்கு அரக்கும் வேண்டாம், கை ஒட்டும். ஆளிவிதை எண்ணெய்தான். சொட்டுச் சொட்டாகத் தடவி, பத்து நிமிஷத்தில் மிச்சத்தை வழித்துத் துடைத்தால், ஆஷ் மரத்தின் அம்புக்கோடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும்புகின்றன, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பச்சை எண்ணெய் காய நாள்கணக்கில் ஆகும், ‘பாயில்டு’ என்று விற்பது ஒரு நாளில் காயும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே விரித்துப் போடுங்கள்.

மாமா வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலை இரண்டு தடவை ஓட்டி, “எங்கடா தம்பி அந்தப் பள்ளம்?” என்றார். சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் ஒரு முடிக்கோடு தெரிகிறது. அங்கே நார் அறுந்திருக்கிறது, ஈரத்துக்கு எழும்பவில்லை. விரலில் தட்டவில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.