ஐடில் கோளாறுன்னு வண்டியைக் கடையில விடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க: 18,500 ரூபாய் போச்சு

நேத்து சாயங்காலம்தான் உண்மை தெரிஞ்சுது. பிசிவி வால்வுலருந்து (என்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை வெளியேத்துற வால்வு) மேனிஃபோல்டுக்கு (என்ஜினுக்குக் காத்து போற குழாய்) போற ரப்பர் ஹோஸ், வளைவுல அடிப்பக்கம் வெடிச்சிருக்கு. விரல் நீள ஹோஸ். அதுக்கு 18,500 ரூபாய் பிடுங்கிட்டாங்க.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் (என்ஜினுக்குப் போற காத்தை அளக்கறது) உள்ள பெட்ரோல் கார். ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசல்ல நின்னா, அதாவது ஐடில்ல, ஆர்பிஎம் 500க்கும் 1,100க்கும் நடுவுல ஏறி இறங்கும், சில நேரம் அணைஞ்சிடும். ஆக்சிலேட்டர் மிதிச்சா நல்லாவே இழுக்கும். பாதி விடை அதுலயே இருக்கு.

விட்டது எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு சர்வீஸ் சென்டர்ல. ஸ்கேனர்ல பி0171 வந்தது, அதாவது கலவை லீன் (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி). மெக்கானிக் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, "பாருங்க சார், மெஷினே சொல்லுது, ஓ2 சென்சர் போயிடுச்சு"ன்னார். அங்கதான் நம்பினேன். மெஷின் அப்படிச் சொல்லவே இல்லை! காத்து அதிகம்னு சரியாச் சொன்ன ஓ2 சென்சரையே (புகையில மிச்சமிருக்கிற ஆக்சிஜனைப் பார்க்கறது) கழட்டிப் போட்டாங்க. சென்சர் 6,200, பெட்ரோல் பம்பு 7,500, இன்ஜெக்டர் கிளீனிங் 2,800, கூலி 2,000. மொத்தம் 18,500.

மூணாம் நாள் பக்கத்துல இருக்கிற கேத்தி தாண்டலை, செக் என்ஜின் லைட் திரும்ப எரிஞ்சுது. போன் பண்ணினா "பெட்ரோல் கலப்படம் சார்". நேர்ல போனா "வேலை பார்த்த பையன் லீவு". அப்புறம் "மலைல ஐடில் அப்படித்தான், மேட்டுப்பாளையம் இறங்கினா சரியாயிடும்". சுத்தப் பொய். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்து அடர்த்தி குறைவு. கார்புரேட்டர் வண்டின்னா அதனால கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும், லீன் ஆகாது. இந்த வண்டில சென்சர் காத்தோட எடையையே அளக்குது, உயரத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோலும் தானா குறையும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கறது பத்து நிமிஷ வேலை. என்ஜின் சூடானதும் ஸ்கேனர் லைவ் டேட்டால ஷார்ட், லாங் ஃப்யூயல் ட்ரிம் (வண்டி கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுது, குறைக்குதுங்கிற சதவீதம்) ரெண்டையும் கூட்டிப் பாருங்க. என் வண்டில ஐடில்ல +24 சதவீதம், 2,500 ஆர்பிஎம்ல +4. த்ராட்டில் (காத்து வழியைத் திறந்து மூடற தட்டு) மூடியிருக்கும்போது உள்ள போற காத்தே கொஞ்சம்தான், அதுல ஓட்டை வழியா திருட்டுத்தனமா நுழையற பங்கு பெருசு. ஆர்பிஎம் ஏறினா அந்தப் பங்கு சிறுத்துடும். பம்பு வீக்குன்னா இதுக்கு நேர் எதிர்: மேடு ஏறும்போதுதான் ட்ரிம் ஏறும். ஓ2 சென்சர் 0.1லருந்து 0.9 வோல்ட் வரை சட்டு சட்டுன்னு மாறினா அது உயிரோட இருக்கு. அப்புறம் வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொண்ணா பிளையர்ல மெதுவா நசுக்கணும், எதை நசுக்கும்போது ஐடில் நிதானமாகுதோ ஓட்டை அந்த வழியில. (ஏர்ஃப்ளோ சென்சர் இல்லாம, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கற மேப் சென்சர் மட்டும் உள்ள வண்டில ட்ரிம் இவ்வளவு தெளிவாக் காட்டாது, பெரும்பாலும் ஐடில் ஏறி நிக்கும்.)

அவசரமா ரெண்டு மூணு சொல்லிடறேன். ட்ரிம் எவ்வளவுன்னு கேளுங்க, சொல்லத் தெரியலைன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. கார்ப் கிளீனர் அடிச்சு லீக் தேடறவங்க சூடான எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்காதீங்க, தீப்பிடிக்கும். பழைய பார்ட் கைக்கு வராம காசு கொடுக்காதீங்க. என் பழைய பம்பைக் கேட்டதுக்கு, "அது அன்னைக்கே பழைய இரும்புக்குப் போயிடுச்சு சார்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டார்.