ஆபீஸ் இபிஏபிஎக்ஸ்: ஒரு ஜீரோ படுத்திய பாடு

போன மாத மழையில் இடி விழுந்து எங்கள் ஆபீஸ் இபிஏபிஎக்ஸின் (ஆபீஸ் போன்களை ஒன்றோடொன்றும் வெளி லைனோடும் இணைக்கும் பெட்டி) பவர் சப்ளை கார்டு போய்விட்டது. ரிப்பேர் முடிந்து வந்தபோது செட்டிங் எல்லாம் அழிந்து, வாட்ச்மேன் ரூம் போன் உட்பட 32 எக்ஸ்டென்ஷனிலும் ஐஎஸ்டி, அதாவது வெளிநாட்டுக் கால், திறந்து கிடந்தது. நான் மறுபடி பூட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "நாங்களும் அதே பெட்டிதான் பார்க்கிறோம், எப்படி இருக்கு?" அவரிடம் போனில் கத்தியது போக மிச்சம் இது.

2018இல் வாங்கியது. கரூரில் ஜவுளி ஏற்றுமதி ஆபீஸ், 4 வெளி லைன். குரல் தெளிவு, டிரான்ஸ்ஃபர் எதிலும் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். ஒரு கால் போகலாமா கூடாதா என்பதை இது எண்ணின் முதல் இலக்கங்களை மட்டும் பார்த்து முடிவு செய்கிறது.

ஆரம்பத்தில் சுலபமாகத்தான் இருந்தது. பேக்கிங், கேட், ஸ்டோர்ஸ் எல்லாம் லோக்கல் லெவல்; வெளி லைன் கிடைத்தபின் அடிக்கும் எண் 0இல் தொடங்கினால் தடை. அக்கவுண்ட்ஸுக்கு எஸ்டிடி, அதாவது 0 போட்டு வெளியூர். முதலாளிக்கும், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கும் 00, அதாவது ஐஎஸ்டி. அப்புறம் 2021 ஜனவரி 15 வந்தது. லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலைக் கூப்பிட்டாலும் முன்னால் 0 போட வேண்டும் என்று அன்றுமுதல் விதி. அன்று மாட்டுப் பொங்கல், ஆபீஸ் லீவு. 18ஆம் தேதி திங்கட்கிழமை திறந்ததும் பேக்கிங் அண்ணன் வந்து நிற்கிறார்: "தம்பி, லாரி டிரைவருக்குப் போன் போகலீங்க."

0 போடாமல் அடித்தால், 0 சேர்க்கச் சொல்லி ரெக்கார்டு குரல். சேர்த்து அடித்தால் எங்கள் பெட்டி வெட்டிவிடுகிறது. வெளி லைன் எடுக்கவே முதலில் ஒரு 0 அழுத்த வேண்டும் என்பதால், "ரெண்டு ஜீரோ போட்டா ஃபாரினுக்குப் போயிடாதுங்களா?" என்று அவருக்கு வேறு பயம்.

சரி என்று லோக்கல் லெவலில் 06, 07, 08, 09 நான்கையும் திறந்துவிட்டேன். அடுத்த பில்லில் பெங்களூர் எண்களை முதலாளி கண்டுபிடித்தார். 080தான் பெங்களூர் கோடு, திறந்த 08க்குள் நுழைந்து போயிருக்கிறது. (அன்லிமிடெட் பிளானில் பெங்களூருக்குப் பேசினால் காசு ஏறாது என்று சொல்லிப் பார்த்தேன். எஸ்டிடி பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர், ஏற்கவில்லை.) 080ஐத் தடுத்தேன். மறுநாள் அதே அண்ணன். புது டிரைவரின் மொபைல் எண் 80இல் தொடங்குகிறதாம். முன்னால் 0 வந்தால் அதுவும் 080!

கடைசியில் 0802, 0804 என்று நான்கு இலக்கம் வரை இறங்கித் தடுத்தேன். அனுமதிப் பட்டியலும் தடைப் பட்டியலும் மோதினால் இலக்கம் அதிகமுள்ள வரிசைதான் ஜெயிக்கும் என்று மேனுவலில் ஒரு வரி இல்லை. அதைத் தெரிந்துகொள்ள சர்வீஸ் இன்ஜினியருக்கு 2 விசிட், தலா 600 ரூபாய்.

விதியை மாற்றியது அரசாங்கம், பெட்டி என்ன செய்யும் என்றால் நியாயம்தான். ஆனால் மொபைலுக்குத் தனி, எஸ்டிடிக்குத் தனி என்று பிரித்து ஒரு அப்டேட் கொடுத்திருக்கலாம். இன்றுவரை வரவில்லை.

ஒரு விஷயத்துக்காக மட்டும் இதை மன்னிக்கலாம். ஆளுக்கொரு ரகசிய எண் உண்டு. அதை அழுத்தினால் எந்த மேசைப் போனிலும் அந்த ஒரு காலுக்கு அவரவர் லெவல் வந்துவிடும். ராத்திரி 9 மணிக்கு எங்கள் மெர்ச்சண்டைசர் கேட் போனில் நின்று ஜெர்மனி பையரிடம் பேசிவிட்டு வைப்பார். அடுத்த நொடி அது பழைய கேட் போன். நான் பொறுப்பேற்றபோது எல்லோருக்கும் 1111. இப்போது பாதிப் பேருக்குப் பிறந்த வருஷம், அதுவரை முன்னேற்றம்.

நண்பரிடம் "வாங்காதீங்க" என்றுதான் சொன்னேன். அன்று சாயங்காலமே இதே பெட்டியின் ஏஎம்சியை (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) இன்னும் 2 வருஷத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்தும் போட்டேன். தடைப் பட்டியலை இந்த முறை பேப்பரில் எழுதிப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். 0804க்குக் கீழே நாலு வரி காலியாக விட்டிருக்கிறேன்.