தீபாவளித் துப்புரவும் ஒரு பென்சில் கோடும்: எட்டு ஆண்டு அனுபவம்

லண்டனில் வசிக்கும் என் அக்கா ஒவ்வோர் அக்டோபரிலும் கொதிகலனைச் சரிபார்த்துவிடுவார். கூரையோரத் தாரையில் அடைந்த இலைகளை அள்ளச் செய்வார். குளிர் இறங்கிவிட்டால் பழுதுபார்க்க ஆள் கிடைப்பது கடினம் என்பார். இலையுதிர்காலமே இல்லாத ஊரில் நமக்கு எதற்கு என்றிருந்த நான், 2017 தீபாவளித் துப்புரவின்போது சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றபடி அந்தப் பழக்கத்தைத் தொடங்கினேன். தமிழ்நாட்டில் ஐப்பசி என்றாலே அடைமழை. இங்கோ வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்வது டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். தீபாவளிக்குப் பிறகு கிடைக்கும் அந்தச் சில வாரங்களை நான் வரமாகவே நினைக்கிறேன்.

கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு டார்ச், ஏணி, பென்சில். இவற்றில் பென்சில்தான் என் பணத்தைக் காப்பாற்றியது.

2019ல் குளியலறைக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை தெரிந்தது. சாயம் பூசி மறைத்துவிடலாம் என்றார் அம்மா. நான் கறையின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அடுத்த பத்து நாட்கள் மழையே இல்லை. ஆனாலும் கறை கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் பரவியிருந்தது. அப்படியென்றால் நீர் வானத்திலிருந்து வரவில்லை, மேல்வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து வருகிறது. இப்படிப்பட்ட ஓதத்தை விட்டுவைத்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பும். அப்படி உப்பும்போது கூரை பெயர்ந்து விழும்.

மேல்வீட்டில் ஒரு மலாய் மூதாட்டி இருக்கிறார். தேதியோடு எடுத்த படங்களைக் காட்டியதும் அவருக்குச் சட்டென்று புரிந்தது; வாக்குவாதத்துக்கே இடமிருக்கவில்லை. கூரைக் கசிவுக்கு வீவகவின் உதவித் திட்டம் உண்டு. அதன்கீழ் செலவில் பாதியைக் கழகம் ஏற்கிறது, மீதியை மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சமமாகப் பகிர்கிறார்கள். அவருடைய குளியலறைத் தரையில் நீர்காப்புப் படலத்தைப் புதிதாகப் போட்டபின் கறை காய்ந்தது.

ஆனால் இந்தப் பரிசோதனையை முழுமையாக நம்பிவிடக் கூடாது என்பதையும் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2024 தீபாவளிக்கு எல்லாச் சுவரும் உலர்ந்தே இருந்தன. 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் பருவமழை விடாமல் கொட்டியபோது படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நீர் வழிந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. அக்டோபரில் விடியற்காலையில் வீசும் சுமத்ரா காற்றுமழை மேற்கிலிருந்து வருகிறது. பருவமழைச் சாரலோ வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. என் படுக்கையறை பார்த்திருப்பது வடகிழக்கை. அந்தச் சுவரை அக்டோபர் மழை சோதித்திருக்கவே இல்லை. இப்போது அந்தப் பக்கத்து ஜன்னல் சட்டங்களைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் சிலிக்கோனை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். விறைத்தோ விரிசல் விட்டோ இருந்தால், கறை வரும்வரை காத்திராமல் உள்பக்கம் முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுகிறேன். வெளிப்பக்கத்துக்கு ஆள்தான் வேண்டும். உயரத்தில் எட்டிப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல அது.

ஜன்னல் அருகே நிற்கும்போதே அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளையும் (தறையாணிகளையும்) பார்த்துவிடுங்கள். வெளியே திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகள் இருக்க வேண்டும் என்பது 2004லிருந்தே சட்டம். கீழே நடப்பவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

குளிரூட்டியின் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். துணி உலர்த்தும் மூங்கில் கம்புகளைச் செருகும் குழாய்களுக்கு மூடி போடுவது அதைவிடச் சுலபம். அங்கே தேங்கும் சிறிதளவு நீரே டெங்கி கொசுவுக்குப் போதுமானது.

இந்த ஆண்டு வீட்டுக்குச் சாயம் பூசினோம். குளியலறைக் கூரையில் 2019ல் நான் போட்ட கோடு இருக்கும் மூலையை மட்டும் பூசாமல் விடச் சொன்னேன்.