அரங்கேற்றத்துக்கு எந்த மேடை: பெரிய அரங்கமா, மண்டபமா, பள்ளிக் கலையரங்கமா?

மகளின் அரங்கேற்றம் முடிந்து இரண்டு மாதமாகிறது. நாட்டிய வகுப்பு வாசலில் யாராவது ஒரு தாய் இன்னும் என்னைப் பிடித்துக்கொள்கிறார்: "அக்கா, அந்த ஸ்கூல் ஹால் எப்படிக் கிடைச்சுச்சு? நாங்களும் அங்கேயே வைக்கலாமா?" ஒவ்வொருவரிடமும் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கோலாலம்பூரில் அரங்கேற்றம் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவை முழுநேர அரங்குகள். செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து 2005-ல் திறந்த கேஎல்பேக் என்ற நிகழ்கலை மையம் இருக்கிறது. அதன் பெரிய அரங்கில் 504 இருக்கைகள். பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலை அமைப்பின் சாந்தானந்த் அரங்கம் இருக்கிறது. அடுத்தது கல்யாண மண்டபம், கோயில் மண்டபம். மூன்றாவது, பலர் யோசிக்காதது: ஒரு தனியார் பள்ளி தனக்கென்று கட்டி, மாலையிலும் வார இறுதியிலும் வட்டாரத்துக் குழுக்களுக்கு வாடகைக்குத் திறந்துவிடும் கலையரங்கம். நாங்கள் எடுத்தது அதைத்தான்.

ஒலி, ஒளி என்று பார்த்தால் முழுநேர அரங்கைப் பள்ளி எட்டிப்பிடிக்க முடியாது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மண்டபம்தான் வசதி. வண்டி நிறுத்தப் பள்ளி. சென்னையிலிருந்து மிருதங்கக்காரரை வரவழைத்தால் புஸ்பால் அனுமதி (வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு அரசு தருவது) எங்கே வைத்தாலும் தேவை. இவையெல்லாம் தெரிந்த விஷயங்கள்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது தரை. முதலில் ஒரு மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தோம். அங்கே ஒரே ஒரு ஒத்திகை. மேடை சிமெண்டு, மேலே பளபளக்கும் டைல். நிகழ்ச்சியின் மிக நீண்ட உருப்படியான வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல்; முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, தீர்மானம் என்கிற ஒவ்வொரு தாள முடிப்புக்கும் வெறுங்காலால் தட்ட வேண்டும். தட்டுகிற வேகத்தை மரம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சிமெண்டு வாங்காது, அப்படியே காலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மறுநாள் காலையில் மகளால் மாடிப்படி இறங்க முடியவில்லை, முன்னங்கால் எலும்பெல்லாம் வலி. டீச்சர் விஷயத்தைக் கேட்டதும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "வேண்டாம்மா." முன்பணம் போனது போனதுதான்.

பள்ளி அரங்கில் மரச்சட்டம் அடித்து, அடியில் இடைவெளி விட்டு, மேலே பலகை போட்ட மேடை. டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, நான்கு மூலையிலும் தட்டடவு, அதாவது காலைத் தட்டும் அடிப்படை அடவு, போட்டுப் பார்த்தார். சத்தம் ஆழமாக வந்தது, சலங்கை தனியாகவும் கேட்டது. 'சரி' என்பதுபோல் தலையாட்டினார்.

நல்ல தரை பெரிய அரங்குகளிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்த விலையில் அங்கே ஒரே நாள்தான்: காலையில் விளக்குகளைச் சரிசெய்து, மதியம் ஒத்திகை, மாலையில் நிகழ்ச்சி. பள்ளியிலோ முந்தைய வாரம் மூன்று மாலைகள், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அதே மேடையில் ஆடவிட்டார்கள். எந்த இடத்தில் பலகை லேசாகக் குழிகிறது, எந்த இடத்தில் வியர்வைக் கால் வழுக்குகிறது என்பதெல்லாம் நிகழ்ச்சிக்கு முன்பே அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தைரியம்!

தரையைப் பராமரிப்பதும் அங்கே ஒழுங்கு. தினமும் அவர்கள் பிள்ளைகளே நாடக வகுப்பில் அதில் உருளுவதால், தூக்கிக்கொண்டு நிற்கும் ஆணி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அதற்கேற்ற கெடுபிடியும் உண்டு. கை காலில் பூசும் சிவப்புச் சாயமான ஆல்தா முழுக்கக் காய்ந்த பிறகுதான் மேடையேற வேண்டும். குத்துவிளக்கின் அடியில் அகலத் தட்டு வேண்டும், பக்கத்தில் தீயணைப்பானோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். சலங்கையில் தளர்ந்த மணி இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் நினைத்தால், அந்தக் கெடுபிடி இல்லாத மண்டபத்தில்தானே கால் போனது.

குறைகளும் இருக்கின்றன. பள்ளிக்குத்தான் முதல் உரிமை. தேர்வுக் காலத்திலும் அவர்களுடைய ஆண்டு நாடகத்துக்கு முந்தைய வாரங்களிலும் கேட்கவே கூடாது. பள்ளி நாட்காட்டி வெளிவரும் வரை தேதியை உறுதி செய்யமாட்டார்கள். அழைப்பிதழ் அச்சடிக்காமல் வயிற்றில் நெருப்போடு காத்திருந்தோம். ஒப்பனைக்குக் கொடுத்தது ஒரு வகுப்பறை, கண்ணாடி நாங்கள்தான் தூக்கிப்போனோம். பக்கத்திரைக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். இரவு பத்தரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அதனால் பாராட்டுரைகளை இரண்டோடு நிறுத்தினோம்.

நான் பார்த்தது ஒரே ஒரு அரங்கேற்றம், ஒரே ஒரு பள்ளி. இருபது பேர் ஆடும் நாட்டிய நாடகத்துக்கோ காட்சி மாறிக்கொண்டே இருக்கும் மேடை நாடகத்துக்கோ இதே இடம் போதும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்திரை இடத்தைப் பார்த்தால் போதாது என்றே தோன்றுகிறது.

வாடகையோடு பள்ளி இன்னொன்றும் கேட்டது: தங்கள் மாணவர்களுக்கு இருபது இருக்கைகள், மேடை விளக்குகளை இயக்கும் பலகையில் தொழில்நுட்பரோடு இரண்டு மாணவர்கள். சம்மதித்தோம். நிறைவு நடனமான தில்லானா முடிந்து மேடை இருண்டபோது, விளக்கை அணைத்த சீனப் பையன் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். மூன்று ஒத்திகையிலும் கூட இருந்தவன். எந்த ஜதியில், அதாவது எந்தத் தாளச் சொற்கட்டில், வெளிச்சம் ஏற வேண்டும் என்பது அதற்குள் அவனுக்கு மனப்பாடம்.