பித்தளை விளக்குக்குப் புளியா, பாலிஷா?

காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காற்றில் பித்தளை சீக்கிரம் கறுக்கும். என் ஓட்டு புளிக்கு. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கறையைக் கரைக்கும். கல்லுப்பு சேர்த்தால் வேகம் கூடும். ரொம்ப நேரம் ஊறவிட்டால் மட்டும் துத்தநாகம் கரைந்து, விளக்கு செம்பு நிறத்துக்கு மாறிவிடும். கழுவியதும் ஈரம் போகத் துடைக்கவேண்டும், இல்லையென்றால் உடனே மங்கல்.

பளபளப்பில் திரவப் பாலிஷ்தான் ஜெயிக்கும். ஆனால் சிலவற்றில் அமோனியா உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை லாயத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் விரிசல் விட்டதே, குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அதே அமோனியாதான் காரணம். நன்றாகத் துடைத்தால் விளக்குக்கு அவ்வளவு பயமில்லை. சமையல் பாத்திரத்தில் பாலிஷ் வேண்டவே வேண்டாம்.

எதில் தேய்த்தாலும், காய்ந்தபின் துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவுங்கள். உப்புக்காற்று நேரே படாது.