கேட்ஸ்பியா, ஹீத்கிளிஃபா?

எங்கள் வாசகர் வட்டத்தில், முன்னேறும் வெறியும் மாறாத காதலும் ஒரு பாத்திரத்தைப் பெரியவனாக்குமா என்று பேச ஒரு நாயகனைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) தந்த ஹீத்கிளிஃபா, ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ (1925) தந்த ஜே கேட்ஸ்பியா? நான் கேட்ஸ்பியை எடுத்தேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே கதை. கையில் காசில்லாதவன் வசதியான வீட்டுப் பெண்ணை விரும்புகிறான், அவள் வேறொருவனை மணக்கிறாள், இவன் பணத்தோடு திரும்பி வருகிறான். ஹீத்கிளிஃப் மூன்று வருடம் எங்கே போய்ச் சம்பாதித்தான் என்று பிராண்டே சொல்வதில்லை. கேட்ஸ்பியின் பணம் அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயப் பணம்.

காதலின் ஆழத்தில் ஹீத்கிளிஃப்தான் மேல். அவன் காதலித்த கேத்தரின் செத்து 18 ஆண்டுகள் ஆன பிறகும் அவள் சவப்பெட்டியைத் திறந்து முகம் பார்க்கிறவன் அவன். அந்த வேகம் கேட்ஸ்பியிடம் இல்லை. அவனுடைய முன்னேறும் வெறி, அவன் காதலித்த டெய்ஸிக்கும் முந்தியது. 1906இல், சிறுவனாக இருக்கும்போதே, உடற்பயிற்சி, படிப்பு, சேமிப்பு என்று தினசரி அட்டவணை போட்டு வைத்தவன்.

சரி, அப்படியானால் ஏன் கேட்ஸ்பி? இந்தக் காதல் யார் தலையில் விடிந்தது என்று பார்த்தேன். எனக்கு எல்லாவற்றையும் தீர்த்து வைத்த கேள்வி அதுதான். ஹீத்கிளிஃப் தன்னை மிதித்த, கேத்தரினின் அண்ணன் ஹிண்ட்லியைச் சூதில் கவிழ்த்து வீட்டையும் நிலத்தையும் பிடுங்குகிறான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டன் என்ன செய்தான்? அவனை எழுத்தறிவில்லாமல் வளர்க்கிறான். காதலே இல்லாமல் கேத்தரினின் கணவனுடைய தங்கை இசபெல்லாவை மணந்து வதைக்கிறான். கேத்தரினின் மகளை, அவள் அப்பா மரணப்படுக்கையில் கிடக்கும்போது, வீட்டில் அடைத்து வைத்துத் தன் நோயாளி மகனுக்குக் கட்டி வைக்கிறான். தான் உயிராக நேசித்தவள் பெற்ற பெண் அவள்!

கேட்ஸ்பியும் எல்லாவற்றையும் இழக்கிறான். ஆனால் டெய்ஸி ஓட்டிய கார், அவள் கணவன் டாமின் கள்ளக்காதலி மர்ட்டிலைக் கொன்றதும், ஓட்டியது நான்தான் என்று சொல்லிக்கொள்ள உடனே தயாராகிறான். டாமால் அவளுக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாதென்று விடிகாலை நான்கு மணி வரை அவள் வீட்டுக்கு வெளியே காவல் நிற்கிறான். கடைசியில் அந்தப் பழிக்காகவே சுடப்படுகிறான். காதலுக்கான விலையைத் தானே கொடுத்தவன் என்பதால் எனக்கு அவன் பெரியவன்.

உறுத்துகிற இடமும் உண்டு. செத்துப்போன மர்ட்டிலைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை. டாமை ஒருநாளும் காதலித்ததில்லை என்று டெய்ஸியைச் சொல்ல வைக்கும் பிடிவாதமும் அன்பில் சேராது. அப்புறம், கேட்ஸ்பியை நமக்குக் காட்டுபவன் கதையைச் சொல்லும் பரிவுள்ள நிக். ஹீத்கிளிஃபைக் காட்டுபவள் பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண் நெல்லி டீன், அவளுக்கு அவனைப் பிடிக்காது. பரிவோடு ஒருவர் சொல்லியிருந்தால் ஹீத்கிளிஃப் எப்படித் தெரிந்திருப்பான்? ‘வுதரிங் ஹைட்ஸை’ ஒரே முறை படித்தவன் என்பதால் இதில் உறுதியாகப் பேச மாட்டேன்.

இரண்டையும் படிக்க நினைப்பவர்கள் கேட்ஸ்பியில் தொடங்கலாம், ஒன்பதே அத்தியாயம். பிராண்டேயின் 34 அத்தியாயங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.