உஸி துப்பாக்கியின் அரை அளவு மாதிரி: போல்ட் சரி, உடல் சரியில்லை

பாரிமுனைப் பக்கம் உள்ள ஒரு சிறு கடையில், உஸி சப் மெஷின் கன்னின் அரை அளவு உலோக மாதிரியைச் சென்ற மாதம் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தகடு அடிக்கும் பிரஸ் வேலை பார்ப்பவன் நான். தகட்டை அடித்து வளைத்தே செய்த ஆயுதம் என்று பெயரெடுத்த இதைக் கழற்றிப் பார்க்கும் ஆசை நெடுநாளாக இருந்தது.

இஸ்ரேலியப் படை அதிகாரி உஸியல் கால் 1940களின் இறுதியில் வடிவமைத்த இத்துப்பாக்கியின் உயிர், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அதன் பின்வாயை அடைக்கும் உலோகக் கட்டையான போல்ட்டில் இருக்கிறது. வழக்கமாகப் போல்ட் முழுவதும் குழலுக்குப் பின்னால் நிற்பதால் இரண்டின் நீளமும் சேர்ந்து துப்பாக்கி நீண்டுவிடும். இதிலோ போல்ட்டின் முன்பகுதி குழலின் பின்பகுதியை உறைபோல் சூழ்ந்துகொள்வதால், போல்ட்டின் எடை குறையாமலே துப்பாக்கியின் நீளம் குறைகிறது. தோளில் ஊன்றும் பின்கட்டையை மடக்கினால் 470 மில்லிமீட்டர்தான். அதற்குள் 260 மில்லிமீட்டர் குழல் அடங்கிவிடுகிறது. (செக்கோஸ்லோவாக்கியத் துப்பாக்கி ஒன்றில் இந்த உத்தி முன்பே வந்துவிட்டது.) மாதிரியில் இதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். மேலுள்ள குமிழை இழுத்தால் போல்ட் பின்னால் போய் நிற்கிறது. விசையைத் தொட்டதும் ஸ்பிரிங் தள்ள, ‘டக்’கென்று வந்து குழலைக் கவ்வுகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே பத்துத் தடவை இழுத்துவிட்டேன்.

உடல்தான் ஏமாற்றம். அசலின் பக்கவாட்டு வரிப்பள்ளங்கள் மெல்லிய தகட்டுக்கு விறைப்பு தருவதோடு, உள்ளே புகும் மணல் போல்ட்டின் ஓட்டத்தைத் தடுக்காமல் ஒதுங்கவும் இடம் தருகின்றன. மாதிரியின் உடலோ தடித்த துத்தநாகக் கலவை வார்ப்பு. பள்ளங்கள் வெளியே மட்டும் இருக்கின்றன, உள்ளே விரல் விட்டுத் தடவினால் வழுவழுவென்று இருக்கிறது. தகட்டில் பீடிங் (இப்படிப்பட்ட வரிப்பள்ளம்) போட்டால் ஒருபுறம் பள்ளமாகும்போது மறுபுறம் மேடாகியே தீரும் என்பது எங்கள் பட்டறைக்குப் புதிதாக வரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

கைப்பிடியின் பின்புறப் பாதுகாப்புப் பட்டையும் வெறும் புடைப்பு. அசலில் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால்தான் சுட முடியும்.

அசலில் தோட்டாக்களை வைக்கும் மேகசின் கைப்பிடிக்குள்ளேயே செருகும்படி அமைந்திருப்பதால், இருட்டிலும் ஒரு கை மறுகையைத் தானே தேடிக் கண்டுபிடித்துவிடும். நான் வாங்கியதில் அது பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்ததால், வீட்டில் அரம் போட்டு ஓர் ஓரத்தைத் தேய்த்தபிறகே உள்ளே போனது. போல்ட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் 1,500 ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கலாம்.